துவக்கின் குழலும் சட்டத்தின் அளவுகோலும்

ஆயுதங்களின் சரித்திரம் எனில் அது போர்க்களங்களின் சரித்திரமே என்று நாம் பழகிவிட்டோம். எந்தப் படை எந்தப் படையை எந்த ஆண்டில் வென்றது என்பதையே பாடநூல்கள் கூறுகின்றன. மாணவரும் அதனையே மனனஞ் செய்கின்றனர். ஆயின் ஒரு துவக்கு களத்திலே வெடிப்பதற்கு முன்னரும், வெடித்து ஓய்ந்த பின்னரும், அதற்கு வேறொரு சரித்திரம் உண்டு. கொல்லனின் உலைக்களத்திலும், அரசாங்க அதிபரின் கச்சேரியிலும், சட்ட நூலின் வரைவிலக்கணப் பிரிவிலும் எழுதப்படும் சரித்திரம் அது. யார் துவக்கு வைத்திருக்கலாம், எத்தகைய துவக்கு வைத்திருக்கலாம், அதன் துவாரம் எத்தனை அங்குலமாக இருக்கலாம் என்று ஆள்வோர் விதித்தனர். அவ்விதிகளுக்கு அமையக் குழல்கள் குடையப்பட்டன, அளவுகள் மாற்றப்பட்டன. இரும்பிலே செய்யப்பட்ட இம்மாற்றங்களைக் கூர்ந்து நோக்கின், ஒரு சமுதாயத்தில் யார் யாரை நம்பினர், யார் யாரை அஞ்சினர் என்பது புலனாகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியவன் ஒரு மாணவன். சரித்திர ஆசிரியர் விடுமுறையில் இருந்தமையால், தமிழ் கற்பிக்கும் நாம் பத்தாம் வகுப்பில் 1857ஆம் ஆண்டின் சிப்பாய்ப் பேரெழுச்சியைப் பற்றிப் பாடம் நடத்த நேர்ந்தது. கொழுப்புத் தடவிய தோட்டாக்களின் கதையைக் கூறி முடித்தோம். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான்.

“சேர், கலகம் முடிஞ்ச பிறகு சிப்பாய்மாரின்ர துவக்குகளை வெள்ளைக்காரன் என்ன செய்தவன்?”

பாடநூலில் அதற்கு விடை இல்லை. எம்மிடமும் அன்று இல்லை. தேடிப் பார்த்துச் சொல்வதாகக் கூறினோம். தேடப் புகுந்தபோது வழி கல்கத்தாவிலும் இலண்டனிலும் சென்று, ஈற்றில் எமது யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவர்களுக்கும் வன்னிக் காட்டோர வயல்களுக்கும் வந்து சேர்ந்தது.

குடைந்து அழித்த வரிகள்

முதலில் மாணவனின் வினாவுக்கு விடை. 1853ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த என்பீல்ட் றைபிளுக்குரிய தோட்டாக்களே சிப்பாய்களின் கொதிப்புக்கு உடனடிக் காரணமாயின. அந்த றைபிளின் துவாரம் 0.577 அங்குலம். குழலின் உட்சுவரிலே சுருளாகச் செல்லும் வரிகள் வெட்டப்பட்டிருந்தன. அவ்வரிகளிலே சிக்கிச் சுழன்றுகொண்டு வெளியேறும் ரவை நேராகச் செல்லும். பல நூறு யார் தூரத்திலும் இலக்கைத் தாக்கும். வரியற்ற மழமழப்பான குழலிலிருந்து புறப்படும் ரவையோ நூறு யார் கடந்ததும் எங்கே போகும் என்பது சுட்டவனுக்கே தெரியாது. றைபிளுக்கும் பழைய துவக்குக்கும் உள்ள வேற்றுமை இந்த வரிகளே.

எழுச்சி அடக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பனியிடமிருந்து ஆட்சி பிரித்தானிய முடிக்குச் சென்றது. சிப்பாய்களை ஒரேயடியாக நீக்கிவிட ஏகாதிபத்தியத்தால் இயலாது. இந்தியாவை இந்தியரைக் கொண்டே ஆள வேண்டியிருந்தது. அவர்கள் கையில் நல்ல றைபிளைக் கொடுக்கவும் துணிவில்லை. இந்த இக்கட்டுக்கு ஆயுதசாலை ஒரு தீர்வு கண்டது. 1858ஆம் ஆண்டு மாதிரி என்று ஒரு துவக்கு வகுக்கப்பட்டது. பார்வைக்கு அது என்பீல்ட் றைபிளே. ஆனால் குழலின் உள்ளே வரிகள் இல்லை. துவாரம் சுமார் 0.65 அங்குலமாக அகன்றது. தூரத்துக்கேற்ப உயர்த்தித் தாழ்த்தும் குறிகாட்டி நீக்கப்பட்டு, அசையாத குறிகாட்டி பொருத்தப்பட்டது. சிப்பாய் தோளிலே சுமந்தது றைபிளின் உருவம். கையிலே இருந்தது அவன் பாட்டன் காலத்துத் துவக்கின் வலிமை. பீரங்கிப் படைகளுட் பெரும்பாலானவை வெள்ளையர் வசமாயின.

இது ஓராண்டு ஈராண்டு ஏற்பாடன்று. வெள்ளைப் படைவீரனுக்கு ஸ்னைடர் துவக்கு கிடைத்தபோது சிப்பாய்க்குப் பழைய என்பீல்ட். அவனுக்கு மார்ட்டினி ஹென்றி கிடைத்தபோது சிப்பாய்க்கு ஸ்னைடர். அவன் லீ மெட்ஃபோர்ட் றைபிளுக்கு முன்னேறிய பின்னரே சிப்பாயிடம் மார்ட்டினி வந்தது. ஒரே அரசிக்காக, ஒரே களத்திலே, ஒரே எதிரியை நோக்கி நின்ற இருவர் கைகளிலே ஒரு தலைமுறை இடைவெளி வேண்டுமென்றே பேணப்பட்டது.

பொதுமக்களைப் பொறுத்தவரை 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் போதுமானதாயிற்று. லிட்டன் பிரபு அரசப்பிரதிநிதியாக இருந்த காலம் அது. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில் அவராலேயே கொண்டுவரப்பட்டது. ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமைச்சீட்டின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. இந்திய தேசிய காங்கிரஸ் தன் தொடக்க காலத்திலேயே இச்சட்டத்தைத் திருத்துமாறு தீர்மானங்கள் நிறைவேற்றிற்று. மிதவாதிகளும் மனுப் போடுவோருமான அப்பெரியோர் துவக்குப் பிரியர்களல்லர். ஒரே பொருள் ஒருவன் கையில் கருவியாகவும் இன்னொருவன் கையில் குற்றமாகவும் எண்ணப்படுவதிலுள்ள அவமானமே அவர்களைச் சுட்டது.

அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு

சட்டத்துக்குக் குழலைப் பொருத்தும் வேலை ஆள்வோர் மட்டும் செய்ததன்று, செல்வரும் செய்தனர். ஆனால் அவர்கள் செய்த விதம் வேறு.

1907ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசு 0.450 அங்குலத் துவாரமுடைய வேட்டை றைபிள்களையும் அவற்றின் ரவைகளையும் இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுசெல்வதைத் தடுத்தது. மார்ட்டினி ஹென்றித் துவக்கின் துவாரமும் 0.450 அங்குலமாதலால், வேட்டைக்காரரின் ரவைகள் கலகக்காரரின் கைக்குப் போய்விடும் என்பது அதன் அச்சம். யானையையும் புலியையும் வேட்டையாடும் துரைமாரும் மகாராஜாக்களும் இதனால் இடருற்றனரா? இல்லை. இலண்டனிலும் பேர்மிங்காமிலும் இருந்த துவக்குச் செய்வோர் சில மாதங்களுக்குள் புதிய அளவுகளை உருவாக்கினர்: 0.465, 0.470, 0.475, 0.476. தடுக்கப்பட்ட அளவுக்கும் இவற்றுக்கும் வேற்றுமை அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து முதல் இருபத்தாறு பங்கு வரையே. யானையைக் கொல்லும் வலிமையில் குறைவேதுமில்லை. சட்டத்தின் எழுத்தும் மீறப்படவில்லை.

போலிசார்க்கும் காவற்காரருக்கும் மற்றொரு வகை மாற்றம் வந்தது. இஷாப்பூர் ஆயுதசாலையிலே லீ என்பீல்ட் றைபிள்களின் வரிகள் நீக்கப்பட்டு, ஒரு தடவைக்கு ஒரு வெடியே தீர்க்கக்கூடிய 0.410 அங்குலத் துவக்குகளாக அவை மாற்றப்பட்டன. கூட்டத்தைக் கலைக்க அது போதும். போலிசார் கையிலிருந்து பறிபோனாலும் இராணுவத்தை எதிர்க்க உதவாது. 1858இன் சிந்தனை அங்கே மீண்டும் உயிர்பெற்றது. சுதந்திரம் வந்த பின்னரும் இப்பழக்கம் ஒரேயடியாக மறையவில்லை. இராணுவ அளவான 0.303 பொதுமக்களுக்கு விலக்கப்பட்டிருந்தமையால், அதே இஷாப்பூரில் 0.315 என்ற அளவிலே வேட்டை றைபிள்கள் செய்யப்பட்டு உரிமைச்சீட்டு உடையோர்க்கு விற்கப்பட்டன.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? சட்டம் அங்குலங்களில் எழுதப்பட்டால், அங்குலங்களை மாற்ற வல்லவனுக்கு அது தடையாவதில்லை. தொழிற்சாலையும் வழக்கறிஞரும் பணமும் உடையவன் சட்டத்தின் ஓரத்தை அளந்து, அதற்கு ஒரு நூலிழை அப்பால் நின்றுகொள்கிறான். அவனை எவரும் குற்றவாளி என்பதில்லை. அவன் செய்தது புத்தாக்கம் எனப்படும். இதே செய்கையைப் பட்டறையில் இருக்கும் ஏழைக் கொல்லன் செய்யின் என்ன பெயர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இலங்கையில் நடந்தது

துவக்கு என்ற சொல் எமக்கும் சிங்கள மக்களுக்கும் பொதுவானது. நாம் துவக்கு என்போம். அவர்கள் துவக்குவ என்பர். தமிழகத்தார் கூறும் துப்பாக்கியும் அதே குடும்பத்துச் சொல்லே; துருக்கிய மொழியிலிருந்து பல நாடுகளைச் சுற்றி வந்த சொல் அது. சொல் மட்டுமன்றித் தொழிலும் இங்கே வேரூன்றிற்று. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவுக்கு வந்தனர். சில தலைமுறைகளுக்குள் இந்நாட்டுக் கம்மியர் செய்த துவக்குகளை அவர்களுடைய சரித்திரகாரரே வியந்து எழுதும் நிலை உண்டாயிற்று. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துச்சென்ற பொருள்களுள் வெள்ளியும் பொன்னும் இழைத்த சிறு பீரங்கி ஒன்றும் இருந்தது. ஆம்ஸ்ரர்டாம் அரும்பொருளகத்தில் இருந்த அப்பீரங்கியையும், ‘மகா துவக்கு’ எனப்படும் இரு பெருந்துவக்குகளையும், வேறு சில ஆயுதங்களையும் நெதர்லாந்து அரசு 2023ஆம் ஆண்டில் இலங்கைக்குத் திருப்பி அளித்தது. இந்நாட்டுக் கொல்லரின் கைத்திறனுக்கு அவை சான்று.

அத்தகைய கைத்திறன் எவ்வாறு அழிந்தது? தமிழகத்திலே கட்டபொம்மன் 1799இலும் மருது சகோதரர் 1801இலும் தூக்கிலிடப்பட்டனர். 1801 டிசெம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் பாளையக்காரரின் ஆயுதங்களை ஒழிக்கும் பிரகடனத்தை வெளியிட்டார். இலங்கையிலே 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. கண்டி நாட்டு மக்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஒரு தொழிலுக்குத் தேவை அற்றுப்போனால் தொழிலாளியும் அற்றுப்போவான். துவக்குச் செய்த கைகள் மண்வெட்டிக்கும் கத்திக்கும் திரும்பின.

எனினும் அந்நிய அரசு எல்லாத் துவக்குகளையும் எப்போதும் வெறுத்ததில்லை. தனக்கு வேண்டியபோது அது நாட்டார் கையிலிருந்த துவக்குக்குக் கூலியும் கொடுத்தது. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமேர்சன் தெனன்ற், 1848க்கு முன் மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்துள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500க்கு மேற்பட்ட யானைகள் சன்மானத்தின் பொருட்டுக் கொல்லப்பட்டதாக எழுதியுள்ளார். துரைமாரோ சன்மானத்துக்காகவன்றி விளையாட்டுக்காகவே கொன்றனர். மேஜர் றொஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பது அக்காலத்தார் பெருமையாகப் பேசிய செய்தி. அந்த நாளில் காட்டுக் குடியானவனின் துவக்கு அரசின் தோழன். தேவை முடிந்ததும் அது சந்தேகத்துக்குரிய பொருள்.

இன்றும் வழக்கிலுள்ள எமது துவக்குச் சட்டத்தின் மூலம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான கலவரமும், அதை ஒட்டிய இராணுவச் சட்டத்தின் கொடுமைகளும் நாட்டை உலுக்கியிருந்தன. அக்கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருப்பதற்கு மட்டுமன்றி, துவக்குச் செய்வதற்கும் திருத்துவதற்கும் விற்பதற்கும் உரிமைச்சீட்டு வேண்டும். சாதாரண வேட்டைத் துவக்குக்கு உரிமைச்சீட்டு வழங்கும் அதிகாரம் மாவட்டத்தின் அரசாங்க அதிபரிடம் இருந்தது; ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தல் வேண்டும்.

ஒழுங்கு செய்வதற்கு இது நல்ல ஏற்பாடே என வாசகர் எண்ணலாம். ஏட்டளவில் அவ்வாறே. ஆனால் அரசாங்க அதிபர் என்பவர் கச்சேரியிலே இருந்தவர். ஊரிலே யார் நல்லவன், யார் பொல்லாதவன், யாருக்குத் துவக்கு அவசியம் என்பதை அவர் எவ்வாறு அறிவார்? மணியகாரர், உடையார், விதானையார் என்ற படிவரிசையே அவருடைய கண்ணும் காதும். அப்பதவிகள் யாழ்ப்பாணத்திலே பெரும்பாலும் நிலமும் சாதிச் செல்வாக்கும் உடைய குடும்பங்களிலேயே சுழன்றன. 1963ஆம் ஆண்டிலேதான் அந்த முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் நியமிக்கப்பட்டனர்.

இங்கிலாந்து இதனை முன்னரே கண்டிருந்தது. 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு நூறு பவுண் வருமானம் தரும் சொந்த நிலம் முதலிய தகுதிகள் இல்லாதவன் வேட்டைக்குத் துவக்கு வைத்திருத்தலாகாது என்றது. நிலப்பிரபுவின் முயலைப் பசித்த குடியானவன் சுட்டுத் தின்றுவிடக் கூடாது என்பதே உட்கருத்து. யாழ்ப்பாணத்திலே எந்தச் சட்டமும் நூறு பவுண் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, விதானையார் அறிவார்.

சுவரிலே தொங்கிய துவக்கும் வயலிலே வெடித்த துவக்கும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்றரை. கிணற்று நீரும் எருவும் மனித உழைப்புமே இங்கு புகையிலையையும் வெங்காயத்தையும் மிளகாயையும் விளைவித்தன. யானையும் கரடியும் உலவும் பெருங்காடு இங்கில்லை. ஆகவே குடாநாட்டு வீட்டிலே இருந்த உரிமைச்சீட்டுள்ள துவக்கு பெரும்பாலும் உழைக்கும் கருவியாக இருக்கவில்லை. தலைவாசற் சுவரிலே மான்கொம்புக்கும் மூதாதையர் படத்துக்கும் நடுவே அது தொங்கிற்று. வருவோர் அதைக் காண வேண்டும்; கண்டு நடக்க வேண்டிய முறையில் நடக்க வேண்டும். அதன் பயன் அவ்வளவே.

ஆனையிறவைக் கடந்து வன்னிக்குச் சென்றால் துவக்கின் பொருள் மாறுகிறது. குடாநாட்டிலிருந்து நிலமற்றோர் இரணைமடுக் குளத்தின் கீழும் பிற குடியேற்றங்களிலும் போய்க் காடு வெட்டி வயல் செய்தனர். பயிர் முற்றும் காலத்தில் பன்றி வரும், யானை வரும். ஓரிரவில் ஓராண்டு உழைப்பு அழியும். அவர்களுட் பலருக்குக் கச்சேரி தூரம். சீட்டின் செலவும் அலைச்சலும் அதனினும் தூரம். அங்கேதான் இடியன் துவக்கு வாழ்ந்தது. வாய்ப்புறமாக வெடிமருந்தைக் கோலினால் இடித்து நிரப்புவதனால் அதற்கு இடியன் என்று பெயர் என்பர். உலகப் படைகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர்க் கைவிட்ட முறை அது. சிங்களக் கிராமங்களிலே கல்கட்டாஸ் என வழங்கும் நாட்டுத் துவக்கு இதற்கு உறவு. மொழி வேறாயினும் வயலும் பன்றியும் கடனும் ஒன்றாதலால் கருவியும் ஒன்றாயிற்று.

அக்குடியேற்றங்களுள் ஒன்றிலே முதிய கொல்லர் ஒருவரைச் சந்தித்தோம். அவருடைய பாட்டனார் குடாநாட்டிலே பட்டறை வைத்திருந்தவர். உரிமைச்சீட்டோடு கொண்டுவரப்படும் பழைய துவக்குகளைத் திருத்திக் கொடுத்தவர். தீக்கல் விசையைக் கழற்றிக் கேப்பு விசை பொருத்துவதிலே அவர் பெயர் பெற்றிருந்தாராம். பேரனோ கத்தி, கோடரி, மண்வெட்டி தவிர வேறெதையும் தொடுவதில்லை. காரணம் கேட்டோம். உலையிலே கிடந்த இரும்பைப் பார்த்தவாறே சொன்னார்:

“மாஸ்ரர், இரும்பு ஒண்டுதான். கச்சேரித் துண்டு இருந்தால் அது துவக்கு. இல்லாட்டில் அது மறியல். பேப்பனாருக்குத் துண்டோட வந்தவை பெரிய ஆக்கள். என்னட்டை வாறவன் பன்றிக்குப் பயந்தவன். அவனுக்கு நான் செய்து குடுத்தால் ரெண்டு பேரும் உள்ளுக்கை.”

இலண்டன் தொழிற்சாலை 0.450ஐ 0.465 ஆக்கியது புத்தாக்கம். இஷாப்பூர் வரிகளை நீக்கியது அரச தந்திரம். வன்னிக் கொல்லன் அரத்தை எடுத்தால் குற்றம்! மூன்றும் இரும்பின் மீது செய்த வேலைகளே. ஆனால் சட்டம் குழலின் துவாரத்தை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு, அதைப் பிடிக்கும் கையின் நிறத்தையும் நிலத்தையும் சாதியையும் அளந்து வந்துள்ளது.

இவ்வாறு கூறுவதால் நாட்டுத் துவக்கை நாம் போற்றுவதாக எவரும் கருதவேண்டாம். பன்றிக்கென்று பற்றையிலே கட்டிவைக்கப்படும் கட்டுத்துவக்கு விறகு பொறுக்கப் போனவனின் காலைச் சிதைக்கிறது. அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான யானைகள் ஆண்டுதோறும் மடிகின்றன. யானைகளால் மடியும் மனிதரும் ஆண்டுக்கு நூறு பேருக்கு மேல். இருபுறமும் சாவோர் ஏழைகளும் வாய்பேசா விலங்குகளுமே. கட்டுத்துவக்கைக் கைப்பற்றும் அரசு, பயிரழிவுக்கு உரிய நட்டஈட்டையும் உறுதியான வேலியையும் கொடுக்கத் தவறினால், அடுத்த போகத்திலே இன்னொரு கட்டுத்துவக்கு முளைக்கும்.

1968

சுவரிலே தொங்கிய துவக்கு எப்போதும் சுவரிலேயே இருந்துவிடவில்லை. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. கோயிலிலும் தேநீர்க் கடையிலும் சாதியின் பேரால் ஒருவரைத் தடுத்தல் குற்றமாயிற்று. சட்டம் ஏட்டிலே இருந்தது. கோயிற் கதவுகள் பூட்டியே இருந்தன. 1966 ஒக்ரோபர் 21ஆம் தேதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தின் மீது போலிசார் தாக்குதல் நடத்தினர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே செல்ல உரிமை கேட்டோர் அமர்ந்தனர். அக்காலத்திலேயே சங்கானை நிற்சாமத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் துவக்குச் சூட்டுக்கு இலக்காயினர், உயிர்களும் பலியாயின.

அதே 1968ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் தேதி, பாக்கு நீரிணைக்கு அப்பால் கீழ்வெண்மணியில் அரைப்படி நெல் கூலி கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளரின் சேரிக்குள் நிலக்கிழாரின் ஆட்கள் துப்பாக்கிகளோடு புகுந்தனர். ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் எரிந்து மாண்டனர். முதன்மைக் குற்றவாளி எனப்பட்ட நிலக்கிழாரை உயர் நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது.

வாக்குச்சீட்டு 1931ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் ஆண் பெண் அனைவர்க்கும் கிடைத்துவிட்டது. துவக்குச்சீட்டோ ஊர்ப் பெரியவரின் நன்மதிப்பு உள்ளவனுக்கே கிட்டும் பொருளாக நீடித்தது. கிணற்றில் நீரள்ள உரிமையற்றவனுக்கு நன்மதிப்புப் பத்திரம் யார் எழுதுவார்? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே அடிமைத்தளை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது: விடுதலை பெற்ற கறுப்பர் உரிமைச்சீட்டின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். வெள்ளையனுக்கு அவ்விதி இல்லை. தளை ஒழிந்தது என்று ஒரு கையால் எழுதியவர்கள், மறு கையால் அதன் பாதியைத் திருப்பி எழுதினர். எமது ஊரிலோ விதானையாரின் பேனா மையின்றியே எழுதிற்று.

சுடுகலனும் சுடுகாடும்

1971ஆம் ஆண்டின் கிளர்ச்சியிலே தெற்கின் இளைஞர் வீடுகளிலிருந்த வேட்டைத் துவக்குகளைப் பறித்துக்கொண்டும் கையாற் செய்த குண்டுகளைக் கொண்டும் எழுந்தனர், ஆயிரக்கணக்கில் மாண்டனர். பின்னர் வடக்கிலும் ஆயுதம் வந்தது. நசுக்கப்பட்ட தேசிய உரிமைகளும், எரிந்த நூலகமும், 1983இன் படுகொலைகளும் அதற்கு வழி திறந்தன. அங்குலக் கணக்குப் பார்க்கும் கட்டளைச் சட்டம் அன்று எங்கோ மறைந்தது. 1987 யூலை 29ஆம் தேதி கையெழுத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கை, போர் நிறுத்தத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஆயுதங்கள் ஒப்படைக்கப்படும் என்றது. ஓகஸ்ட் 5ஆம் தேதி பலாலியிலே ஒப்படைப்பு ஆரம்பமாயிற்று. ஒக்ரோபரில் மறுபடியும் போர். நூறு ஆண்டுகளாக வளர்ந்த அவநம்பிக்கையை எழுபத்திரண்டு மணி நேரத்திலே களைய இயலுமா? 1996இல் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. அதே ஆண்டுகளிலே போரும் கடுமையாயிற்று. 2009 மே மாதத்தில் அது முடிந்தபோது, எண்ண முடியாத உயிர்கள் போயிருந்தன.

ஒடுக்கப்பட்டோர் கைக்குத் துவக்கு வந்துவிட்டால் ஒடுக்குமுறை ஒழிந்துவிடும் என்று எண்ணியோர் எம்முள் உண்டு. எமது குடாநாடு அதற்குக் கொடுத்த விலை சொல்லில் அடங்காது. துவக்கு ஏந்தியவன் துவக்கு இல்லாதவனை ஆளத் தொடங்கினான். சொந்த ஊரானையும் மாற்றுக் கருத்தினனையும் அது சுட்டது. 1990 ஒக்ரோபரில் எமது முஸ்லிம் அயலவரை ஒரு சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றிற்று. ஆகவே துவக்கைப் பரவலாக்குவது மக்களாட்சி ஆகாது. ஆனால் ஒருவன் சுவரிலே துவக்கை விட்டுவைத்து, இன்னொருவனின் கூரையைக் கிளறிச் சோதனையிடுவது சமாதானமும் ஆகாது. ஆயுதக் களைவு எல்லார்க்கும் ஒரே அளவுகோலால் நடைபெறல் வேண்டும். ஆயுதம் ஏந்தத் தூண்டிய குறைகளையும் அது களைதல் வேண்டும்.

குடாநாட்டின் வாயிலான முகமாலையிலே, நெருக்கமாக விதைக்கப்பட்ட மிதிவெடிகளைப் பல ஆண்டுகளாக அகற்றியோருள் பலர் எமது ஊர்ப் பெண்கள். தலைக்கவசம் அணிந்து, வெயிலிலே முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டினர். போரிலே கணவனையோ சகோதரனையோ இழந்தோரும் அவர்களுள் உளர். இலங்கை 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையிலே சேர்ந்தது. உண்மையான ஆயுதக் களைவை அப்பெண்கள் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தனர். சரித்திரத்திலே அங்குலக் கணக்கு மனிதனைக் காப்பதற்காகப் பயன்பட்ட இடம் இதுவே என எமக்குத் தோன்றிற்று.

மறுவாரம் வகுப்புக்குச் சென்று மாணவனுக்கு விடை கூறினோம். வெள்ளைக்காரன் சிப்பாயின் துவக்கைப் பறிக்கவில்லை. உள்ளே இருந்த வரிகளைக் குடைந்து அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான் என்றோம். அவன் சற்று யோசித்தான்.

“அப்ப சிப்பாய்க்கு அது தெரிஞ்சிருக்கும்தானே சேர்?”

தெரிந்திருக்கும். ஒவ்வொரு தடவை இலக்குத் தவறியபோதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். தன்னை நம்பாத ஆட்சியைத் தோளிலே சுமந்து திரிகின்றோம் என்பதை அத்துவக்கே அவனுக்குச் சொல்லிற்று. தம்மை நம்பாத சட்டத்தின் கீழ் வாழும் எந்த மக்களுக்கும் அது தெரிந்தே இருக்கும். ஆள்வோர் மறந்துவிடும் இச்சிறு உண்மையை ஆசிரியர்களாகிய நாமும் மாணவர்களும் மறவாதிருப்போமாக.